வீடு இருக்கிறது, பட்டா இல்லை

கல்யாணம் முடிந்து சில நாளில் ஸ்டுடியோக்காரர் பென் டிரைவைக் கையில் கொடுப்பார். நிச்சயதார்த்தம், பெண் அழைப்பு, முகூர்த்தம், வரவேற்பு என்று நான்கு ஃபோல்டர். எல்லாம் சேர்த்தால் ஆயிரம் படத்துக்குக் குறையாது. ஆல்பத்துக்கு நூற்றைம்பது பொறுக்கிக் கொடுங்கள் என்பார். அன்று ராத்திரி வீடே கம்ப்யூட்டரைச் சுற்றி உட்காரும். ஒருவர் அம்புக்குறியைத் தட்டிக்கொண்டே போவார். மற்றவர்கள், இதில் மாமா கண்ணை மூடியிருக்கிறார், இது வேண்டாம், கொஞ்சம் பின்னால் போ என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

இந்த வேலைக்கு எடிட்டிங் வசதி தேவையில்லை, கிளவுட் தேவையில்லை. டபுள் கிளிக் செய்தால் படம் திறக்க வேண்டும், அம்புக்குறியைத் தட்டினால் தாமதிக்காமல் அடுத்தது வர வேண்டும். விண்டோஸ் ஃபோட்டோ வியூவர் இதைத்தான் செய்தது. வேறு பெரிதாக ஒன்றும் செய்யவில்லை என்பதுதான் பலருக்கு அதைப் பிடித்துப்போனதற்குக் காரணம்.

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. அதையொட்டிப் பலர் 11-க்கு மாறினார்கள். சிலர் பழைய பெட்டியிலேயே அப்டேட் செய்தார்கள், சிலர் ஹார்ட் டிஸ்க்கைத் துடைத்துப் புதிதாகப் போட்டார்கள், சிலர் புது லேப்டாப் வாங்கினார்கள். கடைசி இரண்டு வகையினருக்குத்தான் சங்கடம். படம் வேறு ஏதோ ஜன்னலில் திறக்கிறது. ரைட் கிளிக் செய்து ‘ஓப்பன் வித்’ போய்ப் பார்த்தால் பழைய வியூவரின் பெயரே இல்லை. எடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று முடிவுகட்டி, கூகுளில் தேடி, ஊர் பேர் தெரியாத தளத்திலிருந்து ‘ஃபோட்டோ வியூவர் டவுன்லோடு’ செய்யப் போகிறார்கள்.

அந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். விண்டோஸ் ஃபோட்டோ வியூவரை மைக்ரோசாஃப்ட் தனி மென்பொருளாகக் கொடுத்ததே கிடையாது. அது விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் ஒரு பாகம். அந்தப் பெயரில் யாராவது இன்ஸ்டாலர் கொடுத்தால் அது அசலாக இருக்க முடியாது.

அசல் எங்கே என்றால், உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது. சி டிரைவில் ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ திறந்தால் ‘விண்டோஸ் ஃபோட்டோ வியூவர்’ என்று ஒரு ஃபோல்டர் தென்படும். உள்ளே ‘ஃபோட்டோவியூவர்’ என்ற டிஎல்எல் ஃபைல். விண்டோஸ் 10-லும் இருந்தது, 11-லும் இருக்கிறது. ஆனால் அதை டபுள் கிளிக் செய்து பயனில்லை. டிஎல்எல் தானாக ஓடுகிற ஜாதி இல்லை, விண்டோஸ் கூப்பிட்டால்தான் எழுந்து வரும். கூப்பிடுவதற்கான ஏற்பாட்டைத்தான் விலக்கியிருக்கிறார்கள்.

வம்சாவளியை ஒரு வரியில் சொல்லிவிடலாம். 2001-இல் எக்ஸ்பியோடு ‘பிக்சர் அண்ட் ஃபேக்ஸ் வியூவர்’ வந்தது, விஸ்டாவில் ‘ஃபோட்டோ கேலரி’, 2009-இல் விண்டோஸ் 7-ல் ‘ஃபோட்டோ வியூவர்’. 2015 ஜூலை 29 அன்று விண்டோஸ் 10 வெளியானபோது ‘ஃபோட்டோஸ்’ என்ற ஆப் திண்ணைக்கு வந்தது, பழையது கொல்லைப்புறம் போனது.

கொல்லைப்புறம் போனது எப்படி என்பதில்தான் விஷயம் இருக்கிறது. எந்த ஃபைலை எந்த மென்பொருள் திறக்கலாம் என்ற கணக்கை விண்டோஸ் தன் ரெஜிஸ்ட்ரியில் வைத்திருக்கிறது. தாலுகா ஆபீஸ் பதிவேடு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 7-லிருந்தோ 8.1-லிருந்தோ அப்டேட் செய்து வந்த கம்ப்யூட்டர்களில் பழைய பதிவு அப்படியே தொடர்ந்தது. புதிதாக நிறுவிய கம்ப்யூட்டர்களில் ஃபோட்டோ வியூவரின் பெயரில் டிஃப் ரகப் படங்களை மட்டும் எழுதிவிட்டு, ஜேபிஜி, பிஎன்ஜி எல்லாவற்றையும் விட்டுவிட்டார்கள். வீட்டை யாரும் இடிக்கவில்லை, பட்டாவில் பெயர் இல்லை, அவ்வளவுதான். நம்மில் எத்தனை பேர் வீட்டில் டிஃப் ஃபைல் இருக்கிறது?

பெயரை நாமே சேர்க்கலாம். விண்டோஸ் பட்டனோடு ஆர் எழுத்தை அழுத்தி, வரும் பெட்டியில் ‘ரெஜ்எடிட்’ என்று ஆங்கிலத்தில் அடித்தால் ரெஜிஸ்ட்ரி எடிட்டர் திறக்கும். முதல் காரியமாக ஃபைல் மெனுவில் ‘எக்ஸ்போர்ட்’ கொடுத்து ஒரு நகல் எடுத்து வையுங்கள். இதைச் சோம்பேறித்தனத்தால் விடக் கூடாது. ஒரு வரி தப்பினால் கம்ப்யூட்டர் முரண்டு பிடிக்கக்கூடிய இடம் இது. ஆபீஸ் கம்ப்யூட்டராக இருந்தால் அட்மின் அனுமதி இருக்காது, சிஸ்டம் ஆளிடம் விட்டுவிடுவது நல்லது.

இடது பக்க மரத்தில் ‘எச்கீ லோக்கல் மெஷின்’, அதற்குள் ‘சாஃப்ட்வேர்’, ‘மைக்ரோசாஃப்ட்’, ‘விண்டோஸ் ஃபோட்டோ வியூவர்’, ‘கேபபிலிட்டீஸ்’, ‘ஃபைல் அசோசியேஷன்ஸ்’ என்று ஒவ்வொன்றாக இறங்க வேண்டும். வலது பக்கம் பார்த்தால் மேலே சொன்ன கதை கண்ணுக்கே தெரியும். டிஃப்புக்கான இரண்டு வரிகள் மட்டும் நிற்கும், இரண்டுக்கும் நேராக ‘ஃபோட்டோவியூவர்’, புள்ளி, ‘ஃபைல்அசோக்’, புள்ளி, ‘டிஃப்’ என்று ஒரே சொல்லாக எழுதியிருக்கும். காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து புதிய ‘ஸ்ட்ரிங் வேல்யூ’ போடுங்கள். பெயராகப் புள்ளி வைத்து ஜேபிஜி. மதிப்பாக அந்த டிஃப் வரியில் இருப்பதையே ஓர் எழுத்து மாற்றாமல் காப்பி செய்யுங்கள். ஜேபெக், பிஎன்ஜி, பிஎம்பி ஒவ்வொன்றுக்கும் இதே மாதிரி ஒரு வரி.

ஜேபிஜிக்கு எதற்கு டிஃப் என்று கேட்கத் தோன்றும். அந்த வரி சொல்வதெல்லாம், டிஃப்பை எந்த ஆள் திறக்கிறாரோ அவரிடமே இதையும் கொடு என்பதுதான். படத்தைப் பிரித்துப் படிக்கும் வேலையை விண்டோஸில் உள்ள பொதுவான பாகம் பார்த்துக்கொள்வதால், ஆளுக்கு ரகம் பற்றிய கவலை இல்லை.

பதிவேட்டில் ஏறியபின், கல்யாணப் படம் ஒன்றை ரைட் கிளிக் செய்து, ‘ஓப்பன் வித்’, ‘சூஸ் அனதர் ஆப்’ போனால் பழைய பெயர் உட்கார்ந்திருக்கும். அதைத் தேர்ந்து ‘ஆல்வேஸ்’ கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. இந்தக் கடைசி கிளிக்கை எந்த மென்பொருளும் உங்களுக்காகச் செய்ய முடியாதபடி விண்டோஸ் 8 காலத்திலிருந்தே பூட்டு போட்டிருக்கிறார்கள். உங்கள் தேர்வோடு ஒரு ரகசியக் கையொப்பத்தையும் விண்டோஸ் சேர்த்து வைக்கும். கையொப்பம் பொருந்தாவிட்டால் தேர்வைத் தூக்கியெறிந்து தன் ஆப்பையே மறுபடி வைத்துவிடும். கண்ட மென்பொருளெல்லாம் கேட்காமல் முன்னிருக்கையில் ஏறிக்கொள்வதைத் தடுக்க வந்த ஏற்பாடு இது, நியாயமானதுதான். என்ன, சில சமயம் பெரிய அப்டேட்டுக்குப் பிறகு நம் சொந்தத் தேர்வும் கலைந்துபோகிறது. அப்போது ‘ஆல்வேஸ்’ கிளிக்கை மறுபடி செய்தால் போதும்.

பழையதைப் போற்றுகிற வேகத்தில் அதன் குறைகளை மறைக்க வேண்டாம். ஐஃபோன்கள் 2017 முதல் எடுக்கும் எச்இஐசி ரகப் படங்கள் அந்தக் காலத்து வியூவருக்கு அந்நியம். அசையும் ஜிஃப்பைக் கொடுத்தால் முதல் சட்டத்தோடு நின்றுவிடும். எக்ஸ்பியின் பழைய வியூவரில் அது அசைந்தது என்பது வேடிக்கை! சில படங்களுக்கு ‘போதுமான மெமரி இல்லை’ என்று ஒரு செய்தி வரும். ரேம் வாங்க ஓடாதீர்கள். பெரும்பாலும் காரணம் படத்திலோ திரையிலோ உள்ள கலர் புரொஃபைலோடு அதற்கு ஒத்துப்போகாததுதான். ‘கலர் மேனேஜ்மென்ட்’ அமைப்பில் புரொஃபைலை மாற்றிப் பலர் இதைச் சரிசெய்திருக்கிறார்கள். இன்னொன்று, இதில் படத்தைத் திருப்பினால் அசல் ஃபைலே திருத்தி எழுதப்படும். இத்தனையும் தெரிந்தே சொல்கிறேன், ஆயிரம் ஜேபிஜியில் நூற்றைம்பதைப் பொறுக்க எனக்கு இது போதும்.

ஃபோட்டோஸ் ஆப்பிலேயே பழையதைத் தேடுகிறவர்களும் உண்டு. 2022-இல் விண்டோஸ் 11-க்காக அதைப் புதிதாக எழுதியபோது, படங்களைக் கோத்துப் பாட்டோடு வீடியோவாக்கும் எடிட்டர் அதில் இல்லாமல் போனது. பிறந்தநாள் வீடியோ செய்து பழகியவர்கள் தவித்தார்கள். இவர்களுக்கு ரெஜிஸ்ட்ரி பக்கம் வேலையே இல்லை. மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் ‘ஃபோட்டோஸ் லெகசி’ என்று பழைய ஆப்பைத் தனியாக வைத்தார்கள், இன்ஸ்டால் செய்தால் புதியதோடு கூடவே இருக்கும். ஒரு லேசான ஆப்புக்காக மொத்த விண்டோஸையே பழைய பதிப்புக்குத் தள்ளுகிறேன் என்பவர்கள் ‘கோ பேக்’ வசதிக்கு வழக்கமான கெடு பத்தே நாள் என்பதை நினைவில் வைக்கவும்.

மேக் வைத்திருப்பவர்கள் நிலைமை இன்னும் கறாரானது. ஐஃபோட்டோவின் இடத்தை 2015-இல் ஆப்பிளின் ‘ஃபோட்டோஸ்’ எடுத்துக்கொண்டது. 2019 அக்டோபரில் வந்த மேக்ஓஎஸ் கேட்டலினாவில் ஐஃபோட்டோ திறக்கவே மறுத்தது. அங்கே வீட்டையே இடித்துவிட்டார்கள். நல்லவேளை, பழைய லைப்ரரியைப் புது ஆப் ஏற்றுக்கொள்கிறது.

படங்களை அடுக்கிவைக்கும் பிகாசா மென்பொருள் மூன்றாவது ரகம். கூகுள் 2004-இல் வாங்கி, 2016 மார்ச் 15-உடன் கம்ப்யூட்டர் பதிப்புக்கான ஆதரவை நிறுத்தியது. ஏற்கெனவே வைத்திருந்தவர்களின் பிகாசா இன்றும் ஓடுகிறது. ஆனால் கூகுள் இன்ஸ்டாலரைத் தருவதில்லை, பழைய பிரதியை யாரிடம் வாங்குகிறோம் என்பதில் கவனம் வேண்டும். அதைவிட முக்கியம், அப்டேட்டுக்கோ ஃபார்மேட்டுக்கோ முன்னால் எதைக் காப்பாற்றுவது என்பது. பிகாசாவில் நீங்கள் வெட்டியது ‘சேவ்’ கொடுக்கும் வரை படத்துக்குள் போவதில்லை. அதுவும் நீங்கள் போட்ட நட்சத்திரங்களும் ஒவ்வொரு ஃபோல்டரிலும் ‘பிகாசா’ என்ற பெயரில் மறைந்திருக்கும் ஒரு ஐஎன்ஐ ஃபைலில் எழுதிவைக்கப்படுகின்றன. ஆல்பங்களும் தகவல் தொகுப்பும் சி டிரைவில், உங்கள் பயனர் கணக்கின் ‘ஆப்டேட்டா’வுக்குள், ‘லோக்கல்’, ‘கூகுள்’ என்று போனால் ‘பிகாசா2’, ‘பிகாசா2ஆல்பம்ஸ்’ என்ற இரண்டு ஃபோல்டர்களில் இருக்கும். அந்த இரண்டையும் வெளி டிஸ்க்கில் நகல் எடுங்கள். படங்களைக் காப்பி செய்யும்போது ஜேபிஜிக்களை மட்டும் இழுத்துத் தேர்ந்தெடுக்காமல் ஃபோல்டரை முழுசாகத் தூக்குங்கள். இல்லாவிட்டால் ஐஎன்ஐ பழைய டிஸ்க்கிலேயே தங்கிவிடும், பத்து வருஷம் போட்ட நட்சத்திரமெல்லாம் அதோடு ஃபார்மேட்டில் போய்விடும்.