மூணு மாசம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்

நாள் தள்ளிப்போனது உறுதியானதும் "மூணு மாசம் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்" என்பது நம் வீடுகளில் பழகிப்போன பேச்சு. கண்பட்டுவிடும் என்ற பயம் அதற்குக் காரணம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கான்ட்ராக்டரிடம் தினக்கூலிக்கு வேலை செய்யும் பெண்ணுக்கு இன்னொரு பயமும் சேர்ந்துகொள்கிறது. சூப்பர்வைசருக்குத் தெரிந்தால் "நாளையிலிருந்து வராதே" என்று சொல்லிவிடுவாரோ என்பது அது. அதனால் வயிறு தெரியும் வரை வாயைத் திறப்பதில்லை. ஓவர்டைம், பாரம் தூக்குவது, உலைச் சூடு எல்லாம் வழக்கம்போலவே நடக்கின்றன.

கருவில் இருக்கும் பிள்ளையின் மூளை, முதுகுத்தண்டு, இதயம் எல்லாம் உருவாவது அந்த முதல் மூன்று மாதங்களில்தான். அரசின் உதவிகளுக்குப் பெயர் பதிய வேண்டிய காலமும் அதுவே. வேலை போய்விடும் என்று மறைக்கும் பெண்ணுக்கு, வேலையைக் காக்கும் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. அது கைகொடுக்க வேண்டுமானால், கர்ப்பம் காகிதத்தில் பதிவாகியிருக்க வேண்டும்.

முதலில் ரத்தம்

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றின்படி தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளில் 48.3 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதாவது, பரிசோதனைக்கு வரிசையில் நிற்கும் கர்ப்பிணிகளில் ஏறத்தாழ இரண்டு பேருக்கு ஒருவர். அதாவது, பரிசோதனைக்கு வரிசையில் நிற்கும் கர்ப்பிணிகளில் ஏறத்தாழ இரண்டு பேருக்கு ஒருவர்.

கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் ரத்தசோகை. 7-க்குக் கீழே போனால் அது தீவிரம், மருத்துவமனையில் கவனிக்க வேண்டிய நிலை. பிரசவத்தில் ரத்தப்போக்கு ஏற்பட்டால் தாங்கும் சக்தி அந்த உடம்பில் இருக்காது. குழந்தை எடை குறைந்தோ நாள் முழுமையாகாமலோ பிறக்கும் வாய்ப்பும் கூடும்.

இதற்கான இரும்புச்சத்து, ஃபோலிக் அமில மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். முதல் மூன்று மாதம் ஃபோலிக் அமிலம், நான்காம் மாதத்திலிருந்து இரும்பு மாத்திரை தினம் ஒன்று என்று குறைந்தது 180 நாள். பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள். மலம் கறுப்பாகப் போகிறது, குமட்டுகிறது என்று பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். மலம் கறுப்பது மாத்திரையால் வருவது, கெடுதல் இல்லை. குமட்டினால் இரவு சாப்பிட்ட பிறகு போட்டுக்கொள்ளலாம். டீ, காபியோடு சேர்த்துப் போட்டால் சத்து உடம்பில் சரியாகச் சேராது. கால்சியம் மாத்திரையையும் இதையும் ஒரே வேளையில் போடக் கூடாது. முருங்கைக்கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்புச்சத்து நன்றாக ஏறும்.

கர்ப்பிணிகள் சிலருக்கு பல்பம், அடுப்புச் சாம்பல், செம்மண், சுவர் சுண்ணாம்பு, பச்சரிசி இவற்றைத் தின்னத் தோன்றும். வீட்டில் இதை மசக்கை என்று சிரித்துக் கடந்துவிடுவார்கள். பல நேரம் இது இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம். ஆலைகள் சூழ்ந்த ஊரில் மண்ணையும் சுவர்ச் சுரண்டலையும் வாயில் போடுவது இன்னொரு ஆபத்தையும் உள்ளே கொண்டுபோகும். அந்த ஆபத்து ஈயம்.

வேலை உடுப்பில் வீட்டுக்கு வரும் ஈயம்

கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் எஃகு உருக்காலைகள், உருட்டாலைகள், ரசாயன ஆலைகளோடு பழைய பேட்டரியிலிருந்து ஈயம் பிரித்தெடுக்கும் ஆலைகளும் இருக்கின்றன. ஈயத்தூளுக்கு வாசனை கிடையாது. முடியிலும் சட்டையிலும் ஒட்டிக்கொண்டு வீடு வரை வந்துவிடும்.

ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. வாய்வழி போகும் ஈயத்தைப் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாகச் சிறு குழந்தைகளின் உடம்பு உறிஞ்சிக்கொள்கிறது. தாயின் எலும்பில் பல வருடங்களாகச் சேர்ந்திருந்த ஈயம், கர்ப்ப காலத்தில் கால்சியம் கரையும்போது ரத்தத்தில் கலந்து, நஞ்சுக்கொடி வழியாகக் கருவை அடைகிறது. இரும்பும் கால்சியமும் குறைந்த உடம்பு ஈயத்தை இன்னும் அதிகமாக ஏற்கும். ரத்தசோகையும் ஈயமும் ஒன்றுக்கொன்று துணை போவது இப்படித்தான்.

ஈயம் ஏறிய குழந்தைக்குக் காய்ச்சலோ சளியோ வராது. பசி குறையும், மலச்சிக்கல், வயிற்றுவலி, எரிச்சல் வரும், பாடத்தில் மனம் நிற்காது. குறைந்த அளவில் எந்த அறிகுறியுமே தெரியாமல் மூளை வளர்ச்சி பாதிக்கப்படலாம். யுனிசெஃபும் ப்யூர் எர்த் அமைப்பும் 2020-இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் மூன்று குழந்தைகளில் ஒருவருக்கு ரத்தத்தில் ஈயம் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருப்பதாக மதிப்பிட்டது. அந்த அளவைத் தொட்டாலே ஈயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2021-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்.

வீட்டில் யாராவது பேட்டரி, ஈயம், பெயின்ட், பழைய இரும்பு சார்ந்த வேலை செய்தால்:

- ஆலையிலேயே குளித்து உடுப்பு மாற்றிவிட்டு வரச் சொல்லுங்கள். முடியாவிட்டால், குளிக்கும் முன் குழந்தையைத் தூக்க வேண்டாம்.
- வேலை உடுப்பைத் தனியாகத் துவையுங்கள். அந்த வேலையைக் கர்ப்பிணி செய்ய வேண்டாம்.
- தரையைப் பெருக்கித் தூசியைக் கிளப்பாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.
- பேட்டரி உடைப்பதையும் வயர் எரிப்பதையும் வீட்டுப் பக்கமே அனுமதிக்காதீர்கள்.
- ரசாயனம் வந்த டிரம்மில் தண்ணீர் பிடிக்காதீர்கள்.
- வேலையின் விவரத்தை மருத்துவரிடம் சொல்லி, ரத்தத்தில் ஈய அளவைப் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். சாதாரண ரத்தப் பரிசோதனையில் இது தெரியாது.

சூடும் புகையும்

போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழு, தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து 2024-இல் முடிவுகளை வெளியிட்டது. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வயல், செங்கல் சூளை, உப்பளம் போன்ற சூடான இடங்களில் வேலை செய்தவர்கள். சூடு குறைந்த இடத்தில் வேலை பார்த்தவர்களில் 5 சதவீதம் பேர் கருவை இழந்தார்கள். சூட்டில் நின்றவர்களில் 10 சதவீதம். உலைப் பக்கமும் சூளைப் பக்கமும் நிற்கும் திருவள்ளூர் மாவட்டத்துப் பெண்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும் செய்தி.

அதே நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் குழு 1,285 கர்ப்பிணிகளிடம் நடத்திய ஆய்வில், காற்றில் நுண்துகள் கூடக் கூடப் பிறக்கும் குழந்தையின் எடை குறைவது தெரிந்தது. கும்மிடிப்பூண்டி அந்தோணிப்பிள்ளை நகரில் காற்றின் தரத்தைத் தொடர்ந்து அளக்கும் நிலையம் இருக்கிறது. அதன் அளவை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியில் யாரும் பார்க்கலாம். மோசமான நாளில் கர்ப்பிணியும் கைக்குழந்தையும் வெளியில் அதிகம் இருக்க வேண்டாம். வீட்டில் விறகு அடுப்பு இருந்தால் அதன் புகையும் இதில் சேரும்.

சட்டம் என்ன தருகிறது

மகப்பேறு பலன் சட்டம் 1961-இல் வந்தது, 2017-இல் திருத்தப்பட்டது. அதன் இடத்துக்கு வந்திருக்கும் 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இதே முக்கிய உரிமைகளை வைத்திருக்கிறது. பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம், அதற்கு மேல் 12 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. கரு கலைந்தால் 6 வாரம். பிரசவத்துக்குப் பிந்தைய 6 வாரம் வேலை வாங்கவே கூடாது. பிரசவம் நெருங்கும் காலத்தில், நெடுநேரம் நிற்கும் வேலையும் கடுமையான வேலையும் வேண்டாம் என்று கேட்கலாம். விடுப்பில் இருக்கும்போது வேலையைவிட்டு நீக்குவது சட்டவிரோதம். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும். தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்க்கலாம்.

"நான் கம்பெனி ஆள் இல்லை, கான்ட்ராக்ட் ஆள்" என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும். நேரடியாகவோ ஏஜென்சி வழியாகவோ கூலிக்கு வேலை செய்யும் எந்தப் பெண்ணும் என்றே சட்டம் சொல்கிறது. தினக்கூலிப் பெண்களுக்கும் இது உண்டு என்று டெல்லி மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்துவிட்டது.

மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குபவர்களுக்கு ஈஎஸ்ஐ வழியாக இந்தப் பணம் வரும். அதற்கு முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் 70 நாள் பங்களிப்பு இருக்க வேண்டும். சம்பளச் சீட்டில் 0.75 சதவீதம் பிடித்திருக்கிறதா, உங்கள் பெயரில் ஈஎஸ்ஐ எண் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பிடித்த பணத்தைக் கட்டாத கான்ட்ராக்டர்பற்றி ஈஎஸ்ஐ கிளை அலுவலகத்தில் புகார் தரலாம்.

ஆலையில் என்ன ரசாயனம் கையாளப்படுகிறது, அதனால் என்ன ஆபத்து என்று தொழிலாளிக்குச் சொல்ல வேண்டியது நிர்வாகத்தின் கடமை. போபால் பேரிடருக்குப் பிறகு 1987-இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் சேர்ந்த உரிமை இது. தன் மருத்துவப் பதிவேட்டைப் பார்க்கும் உரிமையும் அப்போதே வந்தது. ஈய நச்சு, அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில் நோய்களின் பட்டியலில் உள்ளது.

அரசு மருத்துவமனையில் பிரசவம், சிசேரியன், மருந்து, ரத்தம், சாப்பாடு, வீட்டுக்குப் போகும் வண்டி எல்லாம் இலவசம். ஒரு வயது வரை குழந்தையின் சிகிச்சையும் அப்படியே. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் முதல் இரண்டு பிரசவங்களுக்கு 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி உண்டு. இதில் 14,000 ரூபாய் பணம், மீதி ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். 19 வயது நிரம்பிய, வறுமையிலுள்ள தாய்மார்களுக்கானது இது. 12 வாரத்துக்குள் பதிந்தால்தான் முழுப் பலனும் சிக்கலில்லாமல் வரும்.

என்ன செய்ய வேண்டும்

நாள் தள்ளிய உடனே கிராம சுகாதார செவிலியரிடம் பெயர் கொடுத்து, கர்ப்பப் பதிவு எண்ணான பிக்மி எண் வாங்குங்கள். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண்ணைக் கேட்பார்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களில் செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளுக்குப் பரிசோதனை, புதன்கிழமை குழந்தைகளுக்குத் தடுப்பூசி. ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவர்களுக்கும் இது உண்டு. ஊர் முகவரி இல்லை என்று திருப்பி அனுப்பினால் 104 சுகாதார உதவி எண்ணில் சொல்லலாம்.

செவிலியர் தரும் தாய் சேய் நல அட்டையின் நகலை வைத்து நிர்வாகத்துக்கும் கான்ட்ராக்டருக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள். கர்ப்பம், பிரசவத் தேதி, தேவையான விடுப்பு, மாற்று வேலை ஆகியவற்றைக் குறிப்பிடுங்கள். ஒப்புகை வசதியுடன் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, நகலைப் பத்திரப்படுத்துங்கள். வாயால் சொன்னதை மறுத்துவிடலாம், தபால் ஒப்புகையை மறுக்க முடியாது.

அதற்குப் பிறகும் நீக்கினால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் மாவட்ட அலுவலகத்தில் புகார் கொடுங்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு பெண்களுக்கு வருமான வரம்பே பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞர் தரும். உதவி எண் 15100. புகை, கழிவு என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் தேதி, நேரம், படத்தோடு எழுதுங்கள். திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் கொடுக்கலாம். அசைவில்லை என்றால் சென்னையில் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

கர்ப்பிணிக்கு ரத்தப்போக்கு, தாங்க முடியாத தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் வீங்குவது, வலிப்பு, பனிக்குடம் உடைவது, வயிற்றில் அசைவு குறைவது. ரத்த அழுத்தம் 140/90-ஐத் தொட்டாலும் உடனே காட்ட வேண்டும்.

குழந்தைக்குப் பால் குடிக்க முடியாமை, வலிப்பு, மயக்கம், மூச்சு விடும்போது நெஞ்சு உள்வாங்குவது. ஒரு நிமிடத்தில் எத்தனை மூச்சு என்று எண்ணிப் பாருங்கள். 2 மாதத்துக்குள் 60, ஒரு வயது வரை 50, ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் நிமோனியாவாக இருக்கலாம். வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசலோடு துத்தநாக மாத்திரை 14 நாள். இரண்டும் அங்கன்வாடியிலும் சுகாதார நிலையத்திலும் கிடைக்கும்.

இந்த அறிகுறிகளில் ஒன்று தெரிந்தாலும் ஷிப்ட் முடியட்டும், விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

கணவர்மார்களுக்கும் மாமியார்களுக்கும் ஒரு வார்த்தை. ஊருக்கெல்லாம் அறிவிக்க வேண்டாம், செவிலியரிடமாவது முதல் மாதத்திலேயே சொல்லுங்கள். உங்கள் லைன் வீட்டில் மொழி தெரியாத கர்ப்பிணி யாராவது இருந்தால், பிக்மி எண் வாங்கியாயிற்றா என்று கேளுங்கள். இல்லை என்றால், வருகிற செவ்வாய்க்கிழமை அவரையும் உடன் அழைத்துக்கொண்டு போங்கள்.