மை கார்ட்ரிட்ஜ் மீள்நிரப்பல்

மை கார்ட்ரிட்ஜ் மீள்நிரப்பல் என்பது, மை தீர்ந்த அச்சுப்பொறிக் கார்ட்ரிட்ஜை எறிந்துவிடாமல், அதே வகை மையை மீண்டும் ஏற்றிப் பயன்படுத்துவதாகும். வீட்டு அச்சுப்பொறிகள் மலிவாகவும் அவற்றின் கார்ட்ரிட்ஜ்கள் விலை கூடுதலாகவும் இருப்பதே இம்முறை பரவக் காரணம். புதுக்கோட்டைக்கும் காரைக்குடிக்கும் இடையிலுள்ள திருமயம் போன்ற ஊர்களில், கார்ட்ரிட்ஜ் வாங்க வெளியூர் செல்ல நேர்ந்தால் பயணச் செலவும் சேரும்.

செலவுக் கணக்கு

கார்ட்ரிட்ஜின் விலையை அது அச்சிடும் பக்கங்களால் வகுத்தால் ஒரு பக்கத்தின் மைச்செலவு கிடைக்கும். எடுத்துக்காட்டாக, 900 ரூபாய்க் கார்ட்ரிட்ஜ் 180 பக்கம் தந்தால் பக்கத்துக்கு 5 ரூபாய். 200 ரூபாய் மையைக் கொண்டு அதை ஐந்து முறை நிரப்பினால் செலவு பக்கத்துக்கு 25 காசுக்கும் குறையும். மாதம் சில பக்கங்களே அச்சிடுவோருக்கு நகலகமே சிக்கனம்.

எவற்றை நிரப்பலாம்

எச்.பி. 803, கேனன் 745 போன்றவற்றில் அச்சுமுனை கார்ட்ரிட்ஜிலேயே உள்ளது. இவ்வகையில் மை நொடிப்பொழுதில் சூடாகி, குமிழி உண்டாகித் துளியாக வெளியேறுகிறது. மையின்றி இயக்கினால் முனை கருகும். எனவே எழுத்து மங்கத் தொடங்கியதுமே நிரப்ப வேண்டும். கருப்பு மை பெரும்பாலும் நிறமி வகை. வண்ண மைகள் சாய வகை. இவற்றை மாற்றி ஊற்றினால் முனை அடைபடும்.

நிரப்பும் முறை

1. மேல் ஒட்டுத்தாளை நீக்கித் துளைகளைக் கண்டறிய வேண்டும்.
2. வண்ணக் கார்ட்ரிட்ஜில் ஒவ்வொரு துளையிலும் தனித்தனிப் பல்குச்சியை விட்டு, எது எந்த நிறம் என உறுதிசெய்ய வேண்டும்.
3. சிரிஞ்சால் சில மில்லிலிட்டர் மையை மெதுவாகப் பஞ்சில் இறக்கி, மை மேலே தெரிந்ததும் நிறுத்த வேண்டும்.
4. முனையை மெல்லிய தாளில் ஒற்றியெடுத்து, காற்றுத்துளை அடைபடாமல் ஒட்டுத்தாளை மீண்டும் ஒட்ட வேண்டும்.

நிரப்பிய பிறகும் கணினி 'மை இல்லை' எனக் காட்டலாம். அது மைத்துளிக் கணக்கை வைத்து வரும் மதிப்பீடே என்பதால் அச்சு தெளிவாக இருந்தால் பொருட்படுத்த வேண்டியதில்லை. வெயில் காலத்தில் முனை உலராதிருக்க வாரம் ஒரு வண்ணப் பக்கமாவது அச்சிடுவது நல்லது. பலமுறை நிரப்பிய முனை தேய்ந்து கோடு விழும். அப்போது புதியது வாங்க வேண்டும்.

மாற்று வழி

எப்சன் நிறுவனம் 2010இல் இந்தோனேசியாவில் மைத்தொட்டி அச்சுப்பொறியை அறிமுகப்படுத்தியது. பின்னர் கேனன், எச்.பி. நிறுவனங்களும் இதைப் பின்பற்றின. எப்சன் 003 கருப்பு மைப்புட்டி 65 மி.லி. கொண்டது, ஏறத்தாழ 4,500 பக்கங்கள் தரும் என நிறுவனம் குறிப்பிடுகிறது. பொறியின் விலை கூடுதலானாலும், அதிகம் அச்சிடுவோருக்கு இதுவே இலாபம்.

சட்டமும் கழிவும்

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2017 மே 30 அன்று லெக்ஸ்மார்க் வழக்கில், விற்ற கார்ட்ரிட்ஜ் மீதான காப்புரிமை விற்பனையோடு தீர்ந்துவிடுகிறது எனத் தீர்ப்பளித்தது. இந்தியாவின் மின்னணுக் கழிவு விதிகள் அச்சுப்பொறிகளோடு கார்ட்ரிட்ஜ்களையும் சேர்த்தே குறிப்பிடுவதால், பயனற்றவற்றைக் குப்பையில் போடாமல் மின்கழிவு சேகரிப்போரிடம் ஒப்படைக்க வேண்டும்.