காருக்குப் பின்னால் ஒரு வீடு!

தேன்கனிக்கோட்டைப் பக்கத்து வண்டிக்காரர் ஆஸ்திரேலியாவைப் பார்த்திருக்க மாட்டார். ஆனால், அங்கே காருக்குப் பின்னால் வீட்டைக் கட்டி இழுத்துக்கொண்டு காட்டுக்குப் போகிறவர்கள் படிக்கும் முதல் பாடம் அவருக்கு அத்துப்படி.

அந்த வீட்டுக்குக் 'காரவன்' என்று பெயர். உள்ளே கட்டில் உண்டு, அடுப்பு உண்டு, தண்ணீர்த் தொட்டி உண்டு. எஞ்சின் மட்டும் கிடையாது. முன்னால் போகும் கார்தான் அதற்கு மாடு!

மேற்கு ஆஸ்திரேலியாவில் 'கிப் ரிவர் ரோடு' என்று ஒரு பாதை. நீளம் சுமார் 660 கிலோமீட்டர். பண்ணை மாடுகளை லாரியில் ஏற்றித் துறைமுகம் சேர்ப்பதற்காகப் போட்டது. இன்றும் பெரும் பகுதி மண்ணும் சரளையுமே. மழைக் காலத்தில் ஆறுகள் பெருகி வழியை அடைத்துவிடும். வண்டிகள் ஓடி ஓடி, உழுத சால்போல் குறுக்கே வரிவரியாக மேடு பள்ளம். டயரில் காற்றைக் குறைத்து, மெதுவாகப் போக வேண்டும். அவசரப்பட்டால் அலமாரி ஆணிகூடக் கழன்று விழும்.

முன்பாரம், பின்பாரம்

இரட்டை மாட்டு வண்டியில் மூட்டை ஏற்றும்போது பார்த்தவர்களுக்குத் தெரியும். முன்பாரம் மிஞ்சினால் மாட்டின் கழுத்து புண்ணாகும். பின்பாரம் மிஞ்சினால் நுகத்தடி மேலே எழும்பும். பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும்.

காரவனுக்கும் இதே சட்டந்தான். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு கொக்கியின் மேல் அழுந்த வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 2,000 கிலோ காரவன் என்றால் 200 கிலோ. பின்பாரம் மிஞ்சினால் காரவன் இப்படியும் அப்படியும் ஆடும்; காரையும் சேர்த்துக் கவிழ்க்கும். அப்போது ஸ்டீயரிங்கை வெட்டித் திருப்பக் கூடாது. வேகம் கொடுக்கும் காலை மெல்ல எடுத்து, காரவனின் பிரேக்கை மட்டும் கையால் இயக்க வேண்டும். எத்தனையோ உயிர்கள் தப்புவது இந்தச் சில விநாடி நிதானத்தில்தான்!

அஞ்செட்டிப் பாதையில்

தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி போகும் மலைப் பாதையும் பாரம் இழுத்த பாதைதான். காவிரிக் கரைக் காடுகளில் வளர்ந்த ஆலம்பாடி மாடுகள் இழுவைக்குப் பேர் போனவை. பெங்களூரில் வாழ்ந்த வேட்டைக்காரர் கென்னத் ஆண்டர்சன் (1910-1974) இந்தக் காடுகளுக்குக் காரில் வந்து முகாமிட்டவர். 1954-ல் வெளியான அவருடைய புத்தகத்தின் முதல் கதையே ஜவளகிரிப் புலியைப் பற்றியதுதான்.

இப்போது நம் பக்கமும் காரவன் மோகம் வந்திருக்கிறது. 2021-ல் கேரள அரசு காரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்தது. அடுத்து, அஞ்செட்டிக் காட்டுக்கே ஓட்டிப் போகலாமே என்று யாருக்கும் ஆசை வரலாம்.

இங்கேதான் நிதானம் வேண்டும். 2014-ல் இந்தக் காடுகள் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயத்தில் சேர்ந்தன. வனத்துறை அனுமதியின்றி உள்ளே தங்குவது குற்றம். ராகி முற்றும் காலத்தில் பன்னேர்கட்டாப் பக்கமிருந்து யானைகள் கூட்டமாக இறங்கி வரும். அவற்றின் தடத்தில் நிற்கும் வீட்டுக்குச் சக்கரம் இருந்தென்ன, இல்லாமல் என்ன?

நல்ல வண்டிக்காரருக்குப் பாரம் ஏற்றத் தெரிந்தால் மட்டும் போதாது. மாட்டை அவிழ்க்கக் கூடாத இடம் எது என்றும் தெரிந்திருக்க வேண்டும்.