வலி இல்லையா? நர்ஸ் கவலைப்படுவது அதற்குத்தான்: எலும்புத் தொற்றில் என்னென்ன பார்க்கிறார்கள்?

உள்ளங்காலில் சின்னப் புண். வலி இல்லை, காய்ச்சல் இல்லை, எக்ஸ்ரேயும் நார்மல். "அப்புறம் எதுக்கு அட்மிஷன்?" என்பதுதான் சர்க்கரை நோயாளிகளின் வீட்டில் முதலில் எழும் கேள்வி. வார்டுக்குப் போனால் சிஸ்டர் வேறு விடாமல் கேட்பார். புண் எப்போது வந்தது, என்ன செருப்பு போடுறீங்க, வீட்டில் கட்டு மாற்றுவது யார்? டாக்டர் பார்த்தாச்சே, மறுபடியும் எதற்கு?

காரணம், எலும்புத் தொற்று ஒளிந்து வளரக்கூடியது. ஆஸ்டியோமைலிடிஸ் எனப்படும் இதைப் பெரும்பாலும் உண்டாக்குவது ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா. பலருடைய மூக்கிலும் தோலிலும் சும்மா குடியிருப்பதுதான். ஆறாத புண், எலும்பு வெளியே தெரிந்த முறிவு, ஆபரேஷனில் வைத்த பிளேட், சில சமயம் ரத்தம் என ஏதாவது ஒரு வழியில் எலும்புக்குள் போய்விடுகிறது. உள்ளே சீழ் கட்டினால் அழுத்தம் கூடி ரத்த ஓட்டம் நின்று, அந்தத் துண்டு எலும்பே செத்துப்போகும். ரத்தம் போகாத இடத்துக்கு மருந்தும் சரியாகப் போகாது. முற்றினால் விரலையோ காலையோ எடுக்க வேண்டிவரும்.

எக்ஸ்ரே இதில் ரொம்ப லேட். எலும்பின் தாதுக்கள் 30 முதல் 50 சதவீதம் வரை கரைந்த பிறகுதான் படத்தில் தெரியும். அதற்கு சுமார் 2 வாரம் ஆகும். எம்ஆர்ஐ முன்கூட்டியே காட்டும், ஆனால் அதைத் தினமும் எடுக்க முடியுமா? தினமும் பார்ப்பது நர்ஸின் கண்ணும் கையும்தான்.

தொட்டுப் பார்த்தால் தெரியும்

10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு, "கண்ணை மூடிக்கிட்டு சொல்லுங்கம்மா, எங்கே படுது?" என்பார். பதில் வரவில்லை என்றால் நரம்பு மரத்துவிட்டது என்று அர்த்தம். அந்தக் காலில் ஆணி குத்தினாலும் தெரியாது. அதனால்தான் 'வலி இல்லை' என்பது நல்ல செய்தி ஆகாது.

புண்ணின் ஆழம், கசிவு, வாடை எல்லாம் குறிப்பில் ஏறும். மாநிறத் தோலில் சிவப்பு சட்டென்று தெரியாது என்பதால், புறங்கையால் தொட்டு இரு கால்களின் சூட்டையும் ஒப்பிடுவார். பாதத்தில் நாடித்துடிப்பு இருக்கிறதா, ஒரு விரல் மட்டும் முழுசாக வீங்கியிருக்கிறதா என்றும் பார்ப்பார். டாக்டர் கருவியை விடும்போது புண்ணுக்குள் எலும்பு 'டொக்' என்று தட்டுப்பட்டால் சந்தேகம் பலப்படும்.

கேள்விகளிலும் இதே கணக்குதான். பாராசிட்டமால் போட்டிருந்தால் காய்ச்சல் மறைந்திருக்கும். மெடிக்கல் ஷாப்பில் வாங்கி 2 நாள் ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தால் கல்ச்சரில் கிருமி சிக்காமல் போகலாம். முறிவுக்கு நாட்டுக் கட்டு போட்டதைத் திட்டுவார்களோ என்று மறைப்பவர்கள் நிறைய. மறைத்தால் நஷ்டம் நோயாளிக்குத்தான்.

குழந்தை என்றால் அடையாளம் வேறு: திடீரென்று நொண்டும், கையையோ காலையோ அசைக்க விடாது. முதுகெலும்பு என்றால் ராத்திரியில் கூடும் முதுகுவலி. கால் பலவீனமானாலோ சிறுநீர் அடைத்தாலோ அது அவசரம்.

ஊசியா, மாத்திரையா?

மருந்து பொதுவாக 6 வாரம். இத்தனையும் ஊசியாகவே ஏற வேண்டும் என்பதுதான் பழைய வழக்கம். பிரிட்டனில் 1,054 பேரிடம் நடந்து 2019இல் வெளியான ஓவிவா ஆய்வு, முதல் 6 வாரத்தில் மாத்திரைக்கு மாறினாலும் பலன் குறையவில்லை என்று காட்டியது. யாருக்கு மாத்திரை, யாருக்கு ஊசி என்பது டாக்டர் முடிவு. ஆனால் வீட்டுக்குப் போனதும் கண்காணிப்பு குடும்பத்தின் கைக்கு வந்துவிடுகிறது. வீக்கம் வடிந்ததும் மாத்திரையை நிறுத்துபவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

அதனால் டிஸ்சார்ஜ் அன்று பேச்சு நோயாளியோடு நிற்காது. கூட இருக்கும் மகனையோ மகளையோ கூப்பிட்டு, தினமும் ராத்திரி உள்ளங்காலுக்குக் கீழே ஒரு கண்ணாடியைப் பிடித்துப் பார்க்கச் சொல்வார் சிஸ்டர். விரல் கறுத்தாலோ, குளிர்க்காய்ச்சல் வந்தாலோ, பேச்சு குழறினாலோ அடுத்த செக்கப் தேதி வரை காத்திருக்காமல் அன்றைக்கே வர வேண்டும்.