அழித்த படம் அங்கேயேதான் இருக்கிறது

கேமரா கார்டைத் தெரியாமல் ஃபார்மட் செய்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பவரிடம் முதலில் சொல்ல வேண்டியது: கார்டை உடனே வெளியே எடுங்கள். கார்டு வேலை செய்கிறதா என்று பார்க்க இன்னொரு படம் எடுக்க வேண்டாம். புதிதாக எடுக்கும் அந்த ஒரு படம் போய் உட்காரும் இடம், முகூர்த்த நேரத்தில் எடுத்த படத்தின் இடமாக இருந்துவிடலாம். கார்டில் எதையும் எழுதாமல் வைத்திருந்தால், போய்விட்டதாக நினைத்த படங்களில் பெரும்பாலானவை திரும்பக் கிடைக்கும். அதற்குக் காசும் செலவழிக்க வேண்டியதில்லை. ஃபோட்டோரெக் என்ற கட்டற்ற மென்பொருள் 2002 முதல் இந்த வேலையைச் செய்துவருகிறது. எழுதியவர் பிரான்சைச் சேர்ந்த கிறிஸ்தோஃப் கிரெனியே. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அவரே அதைப் பராமரித்தும் வருகிறார். 2019இல் 7.1, அதன்பின் 2024இல் 7.2 என்று பதிப்புகள் நிதானமாகத்தான் வருகின்றன, ஆனால் வருகின்றன.

இந்த மீட்பு எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், எப்போது நடக்காது என்பதும் கூடவே தெரிந்துவிடும். அந்த இரண்டாவது விஷயம் இன்றைக்கு இன்னும் முக்கியம்.

32 ஜிபி மெமரி கார்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது பெரும்பாலும் ஃபேட்32 என்ற முறையில் ஒழுங்குபடுத்தப்பட்டிருக்கும். கார்டின் இடம் முழுவதும் 32 கேபி அளவுள்ள கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். இவற்றை கிளஸ்டர் என்பார்கள். 6 எம்பி படம் ஒன்று 192 கட்டங்களை நிரப்பும். படத்தின் பெயர், அளவு, அது தொடங்கும் கட்டம் ஆகியவை ஒரு பட்டியலில் இருக்கும். எந்தக் கட்டத்துக்குப் பின் எந்தக் கட்டம் என்ற சங்கிலி இன்னொரு அட்டவணையில் இருக்கும். படத்தை அழிக்கச் சொன்னதும் கேமரா செய்வது இரண்டே வேலைகள்: பட்டியலில் பெயரின் முதல் எழுத்து இருந்த இடத்தில் 229 என்ற எண்ணை எழுதுகிறது, அட்டவணையில் அந்த 192 கட்டங்களும் காலி என்று குறிக்கிறது. படம் இருக்கும் கட்டங்களை அது தொடுவதே இல்லை. வருகைப் பதிவேட்டில் பெயரை அடித்துவிட்டார்கள். மாணவன் இன்னும் பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறான். புதிய மாணவன் ஒருவனை அந்த இடத்தில் கொண்டுவந்து உட்காரவைக்கும்வரை அவன் எழுந்திருக்கப் போவதில்லை.

ஏன் இப்படி வடிவமைத்தார்கள்? வேகத்துக்காக. ஆறு மெகாபைட்டையும் பூஜ்யங்களால் நிரப்பி அழிப்பது, படத்தை மறுபடி எழுதுவதற்குச் சமமான வேலை. ஃபிளாஷ் நினைவகத்தில் ஒவ்வொரு முறை எழுதுவதும் அதன் ஆயுளைக் கொஞ்சம் தின்னும் என்பதும் உண்டு. கேமராவில் செய்யும் சாதாரண ஃபார்மட்டும் இதே கதைதான். பட்டியலையும் அட்டவணையையும் புதிதாக எழுதிவிட்டு, எல்லாம் காலி என்று திரையில் காட்டும். 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டுகளில் வரும் எக்ஸ்ஃபேட் முறையில் கோப்பை அழிப்பது இன்னும் எளிது: பட்டியலில் அதற்குரிய ஒவ்வொரு பதிவிலும் ஒரு பிட்டை மாற்றினால் கோப்பு 'இல்லாமல்' போய்விடும்.

ஃபோட்டோரெக் இந்தப் பதிவேடுகளை நம்பி வேலை செய்வதில்லை. அதன் பலமே அதுதான். கார்டின் முதல் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டம்வரை ஒவ்வொன்றாக வாசித்து, 'இது ஏதாவது ஒரு கோப்பின் தொடக்கமா?' என்று பார்க்கிறது. அநேகமாக எல்லாக் கோப்பு வகைகளுக்கும் தொடக்கத்தில் ஓர் அடையாளம் உண்டு. ஜேபெக் படம் என்றால் முதல் மூன்று பைட்டுகள் 255, 216, 255. பிடிஎஃப் கோப்பு ஒரு சதவீதக் குறியோடும் தன் பெயரின் மூன்று எழுத்துகளோடும் தொடங்கும். ஜிப் கோப்பு 'பி', 'கே' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும். அந்த வடிவத்தை உருவாக்கிய ஃபில் காட்ஸின் முதலெழுத்துகள் அவை. காட்ஸ் 2000ஆம் ஆண்டில் காலமானார். இன்றைய வேர்டு, எக்செல் கோப்புகள் உள்ளுக்குள் ஜிப் கோப்புகளே என்பதால், அலுவலகங்களில் தினமும் சேமிக்கப்படும் எத்தனையோ ஆவணங்களின் முதல் இரண்டு பைட்டுகளில் அவர் பெயர் இன்னும் இருக்கிறது. 480க்கும் மேற்பட்ட கோப்பு வகைகளின் அடையாளங்களை ஃபோட்டோரெக் வைத்திருக்கிறது.

மூன்று பைட்டுகளைப் பார்த்து ஒரு படத்தை அடையாளம் காண முடியுமா, தற்செயலாக அதே எண்கள் வேறிடத்தில் வராதா என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பைட்டுக்கு 256 மதிப்புகள். மூன்று பைட்டுகள் ஒரு குறிப்பிட்ட வரிசையில் தற்செயலாக வர 1.68 கோடியில் ஒரு வாய்ப்பு. 32 ஜிபி கார்டில் ஒவ்வொரு பைட்டிலும் நின்று பார்த்தால் சுமார் 2,000 பொய்யான 'படங்கள்' மாட்டும். ஆனால் கோப்பு எப்போதும் ஒரு கட்டத்தின் தொடக்கத்தில்தான் ஆரம்பிக்கும். கட்டங்களின் தொடக்கத்தை மட்டும் பார்த்தால் போதும். அவை சுமார் 10 லட்சம்தான். அப்போது கார்டு முழுவதற்கும் ஒரு பொய்யான படம் மாட்டுவதே அபூர்வம். அதனால்தான் ஃபோட்டோரெக் முதலில் கட்டத்தின் அளவைக் கண்டுபிடிக்கப் பார்க்கிறது. கார்டின் தொடக்கப் பகுதி சிதையாமல் இருந்தால் அங்கேயே படித்துக்கொள்ளும். அதுவும் போயிருந்தால் முதல் பத்துக் கோப்புகளைத் தேடிப் பிடித்து, அவை எந்தெந்த இடத்தில் தொடங்குகின்றன என்பதிலிருந்து அளவைக் கணக்கிட்டுவிடும். இந்த ஓர் ஏற்பாட்டை நான் மிகவும் ரசிக்கிறேன்.

படம் எங்கே முடிகிறது? ஜேபெக் 255, 217 என்ற இரண்டு பைட்டுகளோடு முடியும். படத்தின் நடுவிலேயே 255 வந்தால் என்ன செய்வது என்று ஜேபெக்கை வகுத்தவர்கள் யோசித்திருக்கிறார்கள்: படத் தரவில் 255 வரும் இடங்களில் அடுத்து ஒரு பூஜ்யத்தைச் செருக வேண்டும் என்று விதி வைத்தார்கள். அதனால் முடிவுக்குறியைப் படத்தின் உள்ளடக்கத்தோடு குழப்பிக்கொள்ள வழியில்லை. படத்துக்குள் ஒளிந்திருக்கும் சின்ன முன்னோட்டப் படத்தையும் ஃபோட்டோரெக் விடுவதில்லை. பெரிய படம் பாதி சிதைந்துபோன இடத்தில் இந்தச் சின்னப் படமாவது மிஞ்சும்.

சிதைவது எதனால்? ஒரு கோப்பின் கட்டங்கள் அடுத்தடுத்து இல்லாமல் துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தால், சங்கிலி அட்டவணை இல்லாத நிலையில் அவற்றைக் கோப்பது கடினம். மேல்பாதியில் மணமக்கள், கீழ்பாதியில் வெறும் சாம்பல் நிறம் என்று படங்கள் வருவது இதனால்தான். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கு முன்பும், பழைய படங்களை வேறிடத்தில் சேமித்துவிட்டு, கார்டைக் கேமராவிலேயே ஃபார்மட் செய்து புதிதாகத் தொடங்கும் பழக்கம் உள்ள ஃபோட்டோகிராஃபர்களுக்கு இங்கே பெரிய லாபம்: காலிக் கார்டில் படங்கள் வரிசையாக எழுதப்படும். இடம் போதாமல் நடுநடுவே நாலைந்து படங்களை அழித்து, மறுபடி எடுப்பதுதான் சிதறலை உண்டாக்கும். வீடியோ கோப்புகள் பெரியவை. அவை சிதறியிருக்கும் வாய்ப்பும் அதிகம், முழுசாகத் திரும்பும் வாய்ப்பும் குறைவு.

இனி செய்முறை. சாதாரண எஸ்டி கார்டின் பக்கவாட்டில் ஒரு சின்னப் பூட்டு நகரும். மைக்ரோ எஸ்டி கார்டைச் செருகும் அடாப்டரிலும் அது உண்டு. கணினியில் போடுமுன் அதைப் பூட்டிவிடுங்கள். பெரும்பாலான கார்டு ரீடர்கள் அதை மதித்து எதையும் எழுதவிடாது. 'இதைப் பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும்' என்று விண்டோஸ் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஃபோட்டோரெக்கை இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை; இறக்கிய ஜிப்பை விரித்து ஓட்டினால் போதும். கறுப்புத் திரையைப் பார்த்துப் பயப்படுகிறவர்களுக்கு அதே பொதியில் கியூஃபோட்டோரெக் என்ற சாளர வடிவமும் இருக்கிறது. கார்டைத் தேர்ந்தெடுத்து, எந்த வகைக் கோப்புகள் வேண்டும் என்று டிக் செய்து, மீட்டதை எங்கே வைப்பது என்று சொல்லித் தேடவிட வேண்டும். இரண்டு இடங்களில் கவனம். மீட்ட படங்களை ஒருபோதும் அதே கார்டில் எழுதாதீர்கள். கணினியிலோ வேறு டிஸ்க்கிலோ வையுங்கள். கோப்பு வகையில் ஜேபெக்கை மட்டும் டிக் செய்தால் கேனான், நிக்கான் கேமராக்களின் ரா கோப்புகள் பல வராது. அவற்றை ஃபோட்டோரெக் டிஃப் குடும்பத்தில் சேர்த்திருக்கிறது. எம்பி4 வீடியோக்கள் 'மூவ்' என்ற குடும்பத்தில்.

திரும்பக் கிடைக்கும் படங்களுக்குப் பழைய பெயர் இருக்காது. பெயர் இருந்தது பதிவேட்டில். அதைத்தான் நாம் பார்க்கவே இல்லையே. கார்டில் அவை கிடைத்த இடத்தின் எண்ணே பெயராக வரும். ஆனால் எடுத்த தேதியும் நேரமும் ஜேபெக்குக்கு உள்ளேயே பதிந்திருக்கும். அதை வைத்து வரிசைப்படுத்திக்கொள்ளலாம்.

இணையத்தில் 'இலவச' மீட்பு மென்பொருள் என்று தேடினால், படங்களின் முன்னோட்டத்தை எல்லாம் காட்டிவிட்டு, சேமிக்கப் போகும்போது ஆயிரக்கணக்கில் பணம் கேட்பவை வரிசையாக வரும். குழந்தையின் முதல் பிறந்தநாள் படங்களைத் தொலைத்துவிட்டுப் பதறுகிறவர் அந்த நேரத்தில் எதையும் கட்டுவார். அந்தப் பதற்றத்தை விலையாக்குவது எனக்குப் பொறுக்கவில்லை. ஃபோட்டோரெக் ஜிபிஎல் உரிமத்தில் வருவதால் அதன் மூலநிரலை யாரும் வாசிக்கலாம். நம் வீட்டுப் படங்கள், சான்றிதழ்கள், வங்கிக் காகிதங்கள் அத்தனையையும் ஒவ்வொரு பைட்டாக வாசிக்கும் ஒரு நிரலுக்கு அந்த வெளிப்படைத்தன்மை அவசியம். டிஜிட்டல் தடயவியலுக்கென்று தயாராகும் லினக்ஸ் தொகுப்புகளிலும் அது இருக்கிறது.

ஃபோட்டோரெக்கின் கூடவே வரும் டெஸ்ட்டிஸ்க் என்ற மென்பொருள் வேறொரு நோய்க்கான மருந்து. பழைய முறை ஹார்ட் டிஸ்க்கின் முதல் 512 பைட்டுகளில், வெறும் 64 பைட்டுகளில்தான் டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற அட்டவணை இருக்கும். அது கெட்டால் டிஸ்க் முழுவதும் காணாமல் போனதுபோலத் தெரியும். டெஸ்ட்டிஸ்க் பிரிவுகளைத் தேடிக் கண்டுபிடித்து அட்டவணையைத் திருப்பி எழுதும். டிஸ்க்கே பழுதாகி, வாசிக்கத் திணறினால் இவை இரண்டையும் உடனே ஓட்டக் கூடாது. முதலில் குனு டிடிரெஸ்கியூ கொண்டு முழு நகல் எடுத்துக்கொள்ள வேண்டும். அது நல்ல பகுதிகளை முதலில் வாசித்துவிட்டு, கெட்ட பகுதிகளைக் கடைசியில் முயலும். மீட்பு வேலையை நகலில் செய்யலாம்.

எப்போது நடக்காது? லேப்டாப்பில் எஸ்எஸ்டி இருந்தால், பெரும்பாலும் நடக்காது. எஸ்எஸ்டியில் இருக்கும் ஃபிளாஷ் நினைவகத்தில் ஏற்கெனவே எழுதிய இடத்தின் மேல் நேரடியாக எழுத முடியாது. முதலில் பெரிய தொகுதியாக அழித்தாக வேண்டும். அழிக்க நேரமாகும் என்பதால், எந்த இடம் இனி வேண்டாம் என்பதை எஸ்எஸ்டிக்கு முன்கூட்டியே சொல்லிவிட டிரிம் என்ற கட்டளை வந்தது. 2009இல் வந்த விண்டோஸ் 7 முதல் கோப்பை அழித்ததும் அந்தச் செய்தி போய்விடுகிறது. அதன்பின் அந்த இடத்தை வாசித்தால் பெரும்பாலும் பூஜ்யங்களே வரும். எந்த மென்பொருளும், எவ்வளவு பணம் கட்டினாலும், இல்லாததை மீட்காது. ஆண்ட்ராய்டு போனின் உள்நினைவகத்திலும் இதே நிலை, மறைகுறியாக்கமும் (என்கிரிப்ஷன்) சேர்ந்துகொள்கிறது. அங்கே கேலரியின் குப்பைத்தொட்டியில் பார்ப்பது ஒன்றே வழி. கூகுள் ஃபோட்டோஸில் பேக்கப் ஆன படம் 60 நாள் அங்கே இருக்கும். எஸ்எஸ்டி வைத்திருப்பவருக்கு இரண்டாவது நகல் என்பது இனி ஆடம்பரம் இல்லை.

நமக்குத் திரும்பக் கிடைப்பது மற்றவருக்கும் கிடைக்கும் என்பதுதான் இதன் மறுபக்கம். அமெரிக்காவின் எம்ஐடியில் மாணவர்களாக இருந்த சிம்சன் கார்ஃபிங்கலும் அபி ஷெலட்டும் 2000க்கும் 2002க்கும் இடையில் 158 பழைய ஹார்ட் டிஸ்க்குகளை விலைக்கு வாங்கினார்கள். வாசிக்க முடிந்த 129இல் ஒழுங்காகத் துடைக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே. மற்றவற்றில் கிரெடிட் கார்டு எண்கள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. மருத்துவப் பதிவுகளும் சொந்தக் கடிதங்களும் இருந்தன, ஏடிஎம் ஒன்றிலிருந்து வந்த டிஸ்க்கும்கூட இருந்தது. விற்றவர்களில் பலர் டெலிட் செய்திருந்தார்கள், ஃபார்மட்டும் செய்திருந்தார்கள். அது போதும் என்று நம்பியிருந்தார்கள்.

காந்த வகை ஹார்ட் டிஸ்க்கை விற்பதானால், முழுவதையும் ஒருமுறை பூஜ்யங்களால் நிரப்பினால் போதும். 35 முறை எழுத வேண்டும் என்று சிலர் சொல்வது 1996இல் பீட்டர் குட்மன் எழுதிய ஆய்வுக்கட்டுரையிலிருந்து வந்தது. அன்றைய பல்வேறு டிஸ்க் வகைகளுக்கான கணக்கு அது, இன்றைய டிஸ்க்குகளுக்கு வேண்டியதில்லை. விண்டோஸில் 'குவிக் ஃபார்மட்' என்ற பெட்டியில் இருக்கும் டிக்கை எடுத்துவிட்டு ஃபார்மட் செய்தால், விஸ்டா முதலான பதிப்புகள் முழு டிஸ்க்கிலும் பூஜ்யங்களை எழுதும். மெமரி கார்டுக்கும் பென்டிரைவுக்கும் இதையே செய்யலாம். பழைய போனை விற்கும்போது ஃபேக்டரி ரீசெட் செய்தால், மறைகுறியாக்கத்தின் சாவி அழிந்து உள்ளே இருப்பது வாசிக்க முடியாததாகிவிடும். ஆண்ட்ராய்டு 10ஓடு வெளிவந்த போன்களில் இந்த மறைகுறியாக்கம் கட்டாயம். ஆனால் போனில் செருகியிருக்கும் மைக்ரோ எஸ்டி கார்டு பெரும்பாலும் மறைகுறியாக்கப்படாமலேதான் இருக்கும். போனைக் கைமாற்றும் முன் சிம்மோடு அதையும் கழற்றிக்கொள்ளுங்கள்.