மத்தியதரைக் கடலில் வணிகமும் மதமும் போரும்: ஒரு நோக்கு

மத்தியகால மத்தியதரைக் கடலுலகின் வரலாற்றைப் பாடநூல்கள் பெரும்பாலும் இரு மதங்களின் போர் வரலாறாகவே எடுத்துரைக்கின்றன. வடகரையிற் கிறித்தவம், தென்கரையிலும் கீழ்க்கரையிலும் இஸ்லாம், இரண்டிற்கும் இடையே இருநூறு ஆண்டுச் சிலுவை யுத்தம் என்பதே அவை தீட்டும் சித்திரம். இச்சித்திரம் பொய்யன்று, ஆனால் முழுமையானதுமன்று. ஜெருசலேமின் பெயரால் வாளேந்திய அதே ஆண்டுகளிற் கிறித்தவ வணிகரின் கப்பல்கள் அலெக்சாந்திரியாவில் மிளகு ஏற்றிக்கொண்டிருந்தன. மதம் வகுத்த எல்லையைக் கடக்க வல்லவர் யாவர், கடக்க இயலாது அதன் விலையைச் செலுத்தியவர் யாவர் என்ற வினாக்களை ஈண்டு எழுப்ப விரும்புகின்றோம்.

இவ்விவாதத்திற்கு அடியெடுத்துக் கொடுத்தவர் பெல்ஜிய வரலாற்றாசிரியரான ஹென்றி பிரேன் ஆவார். அவர் மறைந்த பின்னர் 1937 இல் வெளிவந்த ‘முகமதுவும் சார்லமேனும்’ என்ற நூலில், ஜேர்மானியக் குலங்களின் படையெடுப்பு உரோம உலகின் பொருளாதார ஒருமையைக் குலைக்கவில்லை என்றும், ஏழாம் எட்டாம் நூற்றாண்டுகளில் நிகழ்ந்த அராபிய விரிவே கடலை இரண்டாகப் பிளந்து மேற்கு ஐரோப்பாவை நிலமானிய விவசாயத்துள் முடக்கியது என்றும் அவர் வாதிட்டார். மேற்கு மத்தியதரை வணிகம் அராபியர் வருகைக்கு முன்னரே நலிவுறத் தொடங்கிவிட்டது எனப் பிற்காலத் தொல்லியல் ஆய்வுகள் காட்டியுள்ளன. பிரேனின் விடை இன்று அவ்வாறே ஏற்கப்படுவதில்லை. எனினும், மத எல்லை வணிக எல்லையாகுமா என அவர் எழுப்பிய வினா பெறுமதி குன்றாதது.

இவ்வினாவுக்குச் சிறந்த சான்று கெய்ரோவிலிருந்து கிடைத்தது. இறைவன் பெயர் பொறித்த எழுத்தை அழித்தலாகாது என்ற யூத மரபின்படி, புஸ்தாத் எனும் பழைய நகரிலுள்ள பென் எஸ்றா தொழுகைக்கூடத்தின் அறையொன்றிற் பழந்தாள்கள் நூற்றாண்டுக் கணக்காக இடப்பட்டு வந்தன. ‘கெனிசா’ எனப்படும் அவ்வறையின் ஆவணங்களிற் பெரும்பகுதியைச் சொலமன் செக்டர் 1896–97 இற் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுசென்றார். அவற்றை ஆராய்ந்து எஸ். டி. கொய்தைன் எழுதிய ‘ஒரு மத்தியதரைச் சமுதாயம்’ 1967 முதற் பல தொகுதிகளாக வெளிவந்தது. எபிரேய எழுத்தில் அராபிய மொழியில் வரையப்பட்ட பதினோராம் நூற்றாண்டு வணிகக் கடிதங்கள், எகிப்துக்கும் சிசிலிக்கும் துனீசியாவுக்கும் இடையே ஆளிநார், பட்டு, எண்ணெய் ஆகியன இடையறாது சென்றுவந்தமையைக் காட்டுகின்றன. யூத வணிகர் முஸ்லிம்களுடன் பங்கு சேர்ந்தனர். முஸ்லிம்களின் கப்பல்களிற் சரக்கேற்றினர். வேறு சில கடிதங்கள் ஏடன், மங்களூர், மலையாளக் கரை என்பவற்றோடு நடந்த வணிகத்தைப் பேசுகின்றன.

ஆயினும் இதனை ஒரு பொற்காலமெனக் கொள்வது தவறாகும். மெய்யியலாளர் மைமோனிதசின் குடும்ப வரலாறே தக்க உதாரணம். 1148 இல் அல்மோகாதுகள் கொர்தோபாவைக் கைப்பற்றியபின், மதத் துன்புறுத்தலால் ஊர்விட்ட அக்குடும்பம் இறுதியிற் புஸ்தாத்தில் அடைக்கலம் புகுந்தது. வணிகஞ் செய்து குடும்பத்தைத் தாங்கிய தம்பி தாவீது, இந்துசமுத்திரத்தில் முதலோடு மூழ்கி இறந்தார். ஓர் இஸ்லாமிய அரசு துரத்த, மற்றோர் இஸ்லாமிய அரசு இடங்கொடுத்தது. ‘இஸ்லாமிய உலகு’ என ஒருமையிற் பேசுவது எத்துணை அபாயமானது என்பது இதனாற் புலனாகும்.

இனி இத்தாலிய நகரங்களை நோக்குவோம். வெனிசு, பீசா, ஜெனோவா ஆகியன சிலுவை யுத்தத்தின் கடற்படைகளாக விளங்கின. அவற்றின் மக்களிடையே மெய்யான சமய உணர்வு இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அவ்வுதவிக்கு விலை பேசப்பட்டது. 1123 இல் ஜெருசலேம் இராச்சியத்துடன் வெனிசு செய்த உடன்படிக்கையின்படி, தைர் நகர் வீழுமாயின் அதன் மூன்றிலொரு பங்கு வெனிசுக்கு உரியதாகும். அடுத்த ஆண்டே நகர் வீழ்ந்தது. ஒரே மதத்தவரான இந்நகரங்கள் தமக்குள்ளும் போரிட்டன. 1256 இல் ஏக்கர்த் துறைமுகத்தில் ஒரு மடத்தின் உடைமை குறித்து எழுந்த பிணக்கு, வெனிசுக்கும் ஜெனோவாவுக்குமிடையே பெரும் யுத்தமாக மூண்டது.

நான்காம் சிலுவை யுத்தம் இப்போக்கின் உச்சநிலை எனலாம். 33,500 வீரரை எகிப்துக்கு ஏற்றிச்செல்ல 1201 இல் வெனிசு 85,000 வெள்ளி மார்க்குக் கூலி பேசிற்று. வந்துசேர்ந்தோர் அத்தொகையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினரே. 34,000 மார்க்குக் கடனாக நின்றது. அக்கடனைத் தவணை தள்ளுதற்குப் பிரதியாக, 1202 இல் வெனிசுக்காகச் சாறா எனும் கிறித்தவ நகரைச் சிலுவைப் படை தாக்கியது. பின்னர் பைசாந்திய அரசுரிமைப் பிணக்கில் இறங்கி, 1204 ஏப்ரிலிற் கொன்ஸ்தாந்திநோப்பிளைச் சூறையாடிற்று. பேரரசின் எட்டில் மூன்று பங்கு வெனிசுக்கு ஒதுக்கப்பட்டது. வெனிசு இந்நிகழ்ச்சியை முன்கூட்டியே திட்டமிட்டதென்போர் உளர். கடனும் சந்தர்ப்பமுமே படையை அங்கு இட்டுச்சென்றன என்பது நமக்குப் பொருத்தமாகத் தோன்றுகின்றது. 1171 இற் பைசாந்தியப் பேரரசன் தன் நாட்டு வெனிசியர் அனைவரையும் ஒரே நாளிற் சிறைப்பிடித்ததும், 1182 இற் கொன்ஸ்தாந்திநோப்பிள் மக்கள் இலத்தீனியரைக் கொன்றதும் பகைக்கு முன்னரே களம் அமைத்திருந்தன. அவை கீழை, மேலைத் திருச்சபைகளின் பிணக்கால் மட்டும் விளைந்தனவல்ல. இத்தாலிய வணிகருக்கு அளிக்கப்பட்ட சுங்கச் சலுகைகள் ஊட்டிய காழ்ப்பும் அவற்றுட் கலந்திருந்தது.

எதிர்த்தரப்புக்கு ஆயுதம் விற்றோரும் இவ்வணிகரே. 1179 இல் மூன்றாம் இலாத்தரன் பொதுச்சங்கம் முஸ்லிம்களுக்கு ஆயுதம், இரும்பு, மரம் விற்போரைத் திருச்சபையிலிருந்து விலக்கியது. தடை விதிக்கவேண்டி வந்தமையே வணிகம் நடந்தமைக்குச் சான்று. வெனிசியரும் பீசரும் ஜெனோவியரும் தமக்கு ஆயுதம் கொண்டுவந்து தருகின்றனர் என்று சலாதீன் பக்தாதுக் கலீபாவுக்கு எழுதினார். பின்னாளிற் கருங்கடற் கரையில் வாங்கப்பட்ட கிப்சாக் அடிமைகளை எகிப்துக்கு ஏற்றிச்சென்ற கப்பல்களுள் ஜெனோவியருடையனவும் இருந்தன. அத்தகைய அடிமைகளே மம்லூக் படையின் உயிர்நாடி. 1290 இல் ஜெனோவா சுல்தான் கலாவூனுடன் வணிக ஒப்பந்தஞ் செய்தது; 1291 இல் அவர் மகனின் படை ஏக்கரைக் கைப்பற்றிச் சிலுவை அரசுகளுக்கு முடிவுகட்டியது.

கலாவூனின் எகிப்து இரு கடல்களுக்கும் இடைவாயிலாக விளங்கியது. யாப்பகூவாவிலிருந்து ஆண்ட முதலாம் புவனேகபாகு 1283 இல் முத்து, மணிக்கற்கள், கறுவா முதலியவற்றின் வணிகம் நாடிக் கெய்ரோவுக்குத் தூது அனுப்பியமை அராபிய ஏடுகளிற் பதிவாகியுள்ளது. கீழைப் பண்டங்கள் குவியும் இவ்வாயிலை ஐரோப்பிய வணிகர் நெடுங்காலம் துறந்திருத்தல் இயலாதாயிற்று. ஏக்கரின் வீழ்ச்சிக்குப்பின் பாப்பரசர் எகிப்து வணிகத்தை முற்றாகத் தடைசெய்தார். காலப்போக்கில் அபராதம் கட்டியோர் பாவமன்னிப்புப் பெற்றனர்; பின்னர் முன்கூட்டியே அனுமதி பெறும் வழியும் பிறந்தது. 1344 இல் வெனிசு அனுமதி பெற்று, 1345 இல் அலெக்சாந்திரியாவுக்குக் கப்பல்களை மீண்டும் அனுப்பியது. பாவமாயிருந்தது கட்டணமாயிற்று.

அவ்வாறு கட்டணஞ் செலுத்த இயலாதோர் நிலை யாது? 1096 இற் சிலுவைக் கூட்டத்தினர் றைன் நதிக்கரை நகரங்களின் யூதரைப் படுகொலை செய்தனர். தென் இத்தாலியின் லுசேராவில் வாழ்ந்த முஸ்லிம் குடியினரை 1300 இல் மன்னன் இரண்டாம் சார்ள்ஸ் அடிமைகளாக விற்றான். மத ஆர்வமும் வெறுமையான கருவூலமும் அச்செயலில் ஒன்றுகூடின. 1184 இற் பாலத்தீனத்தூடாகப் பயணஞ்செய்த இப்னு ஜுபைர், சலாதீன் கேரக் கோட்டையை முற்றுகையிட்ட வேளையிலும் திமஷ்குக்கும் ஏக்கருக்குமிடையே வணிகச் சாத்துகள் தடையின்றிச் சென்றதை வியந்து குறித்துள்ளார். அவரே அவ்வாறான சாத்தொன்றுடன் ஏக்கர் சேர்ந்து, கிறித்தவர் கப்பலில் ஊர் திரும்பப் புறப்பட்டவர். பிராங்கியரின் கீழ் விளைவிற் பாதி கொடுத்து வாழ்ந்த முஸ்லிம் உழவர், தம் மதத்து நிலப்பிரபுக்களின் கீழ் வாழ்ந்தோரினும் குறைவான கொடுமைக்கு ஆளாயினர் என அவர் மனம் நொந்து எழுதியமை இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. பாதி விளைவு கொடுப்பதே சலுகையாகத் தோன்றுமாயின், மறுபுறத்து உழவனின் நிலையை நாம் உய்த்துணரலாம்.

மேற்கூறியவற்றிலிருந்து, மதம் வணிக நலனின் வெறும் போர்வையே என நாம் முடிவு கூறவில்லை. அவ்வாறு கூறின், நம்பிக்கைக்காகவே வீடுவாசல் துறந்து சென்று மடிந்த பல்லாயிரவரை விளங்கிக்கொள்ள இயலாது. மத எல்லை மெய்யாகவே இருந்தது. ஆனால் அது எல்லார்க்கும் ஒரே உயரத்தில் இருக்கவில்லை. முதலுடையோர்க்கு அது சுங்கச்சாவடி; இல்லாதோர்க்கு மதில். இருசாரார் மோதலை அவர்தம் மதங்களின் இயல்பென்று விளக்குவோர் இவ்வேறுபாட்டை மறைத்துவிடுகின்றனர். மோதலின் கணக்கேட்டைத் திறந்து, அதில் வரவு யாருடையது, செலவு யாருடையது எனக் கேட்பது வரலாற்று மாணவரின் கடன் என்பது எமது கருத்தாகும்.