நீல விளக்குக்கு ஒரு பேட்டரி ஏன் போதாது?

5 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு நீல எல்இடி விளக்கையும் 1.5 வோல்ட் டார்ச் பேட்டரி ஒன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். விளக்கின் நீளமான காலைப் பேட்டரியின் பிளஸ் முனையிலும் குட்டைக் காலை மைனஸ் முனையிலும் தொட்டுப் பாருங்கள். எரியாது.

ஒரு பேட்டரி போதவில்லை போலிருக்கிறது என்று பத்துப் பேட்டரிகளைப் பக்கம் பக்கமாக வைத்து, பிளஸ் முனைகளை எல்லாம் ஒன்றாகவும் மைனஸ் முனைகளை எல்லாம் ஒன்றாகவும் சேர்த்ததாக வைத்துக்கொள்வோம். அப்போதும் எரியாது. பத்தை நூறாக்கினாலும் இதே கதைதான். ஆனால் இரண்டே இரண்டு பேட்டரிகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் நீலம் வந்துவிடும். நூறு பேட்டரியால் முடியாததை இரண்டு பேட்டரி எப்படிச் செய்தது?

படிவம் 5 இயற்பியல் நூலில் மின்சாரத்துக்கு ஓர் அத்தியாயம், குவாண்டம் இயற்பியலுக்கு இன்னோர் அத்தியாயம். மின்னழுத்தத்தை முன்னதில் படிக்கிறோம். பின்னதைப் புரட்டும்போது இது நமக்கு எங்கே புரியப்போகிறது என்று பெருமூச்சு விடுகிறோம். எல்இடிக்குள் இரண்டும் ஒன்றாகத்தான் வேலை செய்கின்றன. இதைப் படிக்கும் பினாங்குப் பிள்ளைகளுக்கு இன்னொரு செய்தியும் உண்டு. அந்த வேலை நடக்கும் பொருளை ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக உங்கள் ஊர் செய்துகொண்டிருக்கிறது.

1969இல் முதலமைச்சரான டாக்டர் லிம் சோங் இயூ காலத்தில்தான், 1972இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வணிக மண்டலம் வந்தது. முதலில் வந்து தொழிற்சாலை போட்ட எட்டு நிறுவனங்களைப் பினாங்கில் ‘எட்டு சாமுராய்கள்’ என்று சொல்வார்கள். இன்டெல்லை எல்லாருக்கும் தெரியும். அந்த எட்டில் லிட்ரோனிக்ஸ் என்றும் ஒரு பெயர் இருக்கிறது. அவர்கள் செய்தது எல்இடி. அதுதான் பின்னாளில் ஒஸ்ராம் நிறுவனத்தின் கைக்கு வந்தது. பழைய கணிப்பான்களிலும் கைக்கடிகாரங்களிலும் சிவப்பாக மின்னிய எண்களைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அவையெல்லாம் எல்இடிதான்.

அந்தத் தொழிற்சாலைகளில் பெரும்பாலும் இளம்பெண்கள்தான் வேலை செய்தார்கள். நாள் முழுக்க நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, மணல் துகள் அளவுள்ள சில்லு ஒன்றில் தங்கக் கம்பியை ஒட்ட வேண்டும். கம்பியின் தடிமன் தலைமுடியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. உங்கள் பாட்டியோ பெரியம்மாவோ அந்தக் காலத்தில் ‘பேக்டரி’ வேலைக்குப் போனவர் என்றால், ‘வயர் பாண்டிங்’ தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். பாடநூலில் இல்லாத இயற்பியல் வகுப்பு ஒன்று வீட்டிலேயே நடக்கும்.

தெளிவான மூடியுள்ள எல்இடியை வெளிச்சத்தில் பிடித்து, பூதக்கண்ணாடியால் பாருங்கள். உள்ளே ஒரு கால் சின்னக் கிண்ணம் போல விரிந்திருக்கும். கிண்ணத்தின் நடுவில் சதுரமாக ஒரு புள்ளி தெரிகிறதா? அதுதான் சில்லு. அதிலிருந்து அடுத்த காலுக்கு வளைந்து போகும் கம்பியும் கண்ணுக்குப் படும். மற்றதெல்லாம் பிளாஸ்டிக்கும் தகரமும்தான். வெளிச்சம் பிறப்பது அந்தப் புள்ளிக்குள்.

இனி மின்னழுத்தத்துக்கு வருவோம். ஒரு கூலோம் மின்னூட்டத்துக்கு ஒரு ஜூல் ஆற்றல் கிடைத்தால் அது ஒரு வோல்ட். இந்த வரியை மனப்பாடம் செய்வது எளிது, மனத்தில் பதிய வைப்பதுதான் கடினம். தண்ணீர்மலைக்குப் போயிருக்கிறீர்கள் அல்லவா? பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படிகள். சாதாரண நாளில் ஒருவர் ஏறினாலும் தைப்பூசத்தன்று கூட்டம் கூட்டமாக ஏறினாலும் மலையின் உயரம் ஒன்றுதான். கூட்டம் பெருகியதால் யாருக்கும் கூடுதல் உயரம் கிடைக்காது. மின்னழுத்தம் அந்த உயரம். மின்னோட்டம் அந்தக் கூட்டம். பேட்டரிகளைப் பக்கம் பக்கமாக வைத்தபோது நாம் கூட்டத்தைத்தான் பெருக்கினோம், உயரம் 1.5 வோல்ட்டிலேயே நின்றது. ஒன்றன்பின் ஒன்றாக வைத்தபோது உயரம் 3 வோல்ட் ஆனது.

அது சரி, கூட்டம் எவ்வளவு பெரிதானாலும் நீல விளக்கு ஏன் உயரத்தையே கேட்கிறது? குவாண்டம் இயற்பியல் நுழைவது இங்கேதான். கோயில் படியில் முதல் படியில் நிற்கலாம், இரண்டாம் படியில் நிற்கலாம், ஒன்றரையாவது படியில் நிற்க முடியாது. அணுவுக்குள் எலக்ட்ரானின் நிலையும் அப்படித்தான். குறைக்கடத்திப் படிகத்தில் கோடானுகோடி அணுக்கள் சேரும்போது கீழே ஒரு தளமும் மேலே ஒரு தளமும் அமைகின்றன. நடுவில் கால் வைக்க இடமே இல்லை. அந்த வெற்றிடத்துக்கு ஆற்றல் இடைவெளி என்று பெயர். பேட்டரி எலக்ட்ரானை மேல் தளத்துக்குத் தள்ளுகிறது. அது சில்லின் நடுவில் உள்ள சந்திப்பைக் கடந்ததும் கீழ்த் தளத்தில் உள்ள காலியிடத்தில் விழுகிறது. விழும்போது இழந்த ஆற்றல் ஒரே ஒரு ஒளிப் பொட்டலமாக வெளியே வருகிறது. அதுதான் போட்டான்.

ஒளி இப்படிப் பொட்டலம் பொட்டலமாக வருகிறது என்று 1905இல் சொன்னவர் ஐன்ஸ்டைன். அதற்கு ஐந்து ஆண்டு முன்னால், 1900இல், ஆற்றலைத் துண்டு துண்டாக எண்ணத் தொடங்கியவர் மாக்ஸ் பிளாங்க். ஒரு பொட்டலத்தின் ஆற்றல் ஒளியின் நிறத்தைப் பொறுத்தது. சிவப்புப் பொட்டலம் சிறியது, நீலப் பொட்டலம் பெரியது. விளக்கின் பிரகாசம் என்பது எத்தனை பொட்டலங்கள் வருகின்றன என்பது மட்டுமே. ஓர் எலக்ட்ரான் விழுந்தால் ஒரு பொட்டலம். இரண்டு எலக்ட்ரான்கள் கூட்டுச் சேர்ந்து ஒரு பெரிய பொட்டலத்தைச் செய்துதராது. அதனால்தான் நூறு பேட்டரி தோற்றது.

இதை நீங்களே அளக்கலாம். வேண்டியவை: 1.5 வோல்ட் பேட்டரி இரண்டு, அவற்றை வரிசையாக வைக்கும் கூடு, சிவப்பு எல்இடி ஒன்று, நீல எல்இடி ஒன்று, 220 ஓம் மின்தடை ஒன்று, ஒரு மல்டிமீட்டர். மின்தடையை விட்டுவிடாதீர்கள். அது இல்லாமல் 3 வோல்ட்டைக் கொடுத்தால் சிவப்பு எல்இடி கருகிவிடலாம். மின்தடையையும் எல்இடியையும் வரிசையில் இணைத்து எரியவிட்டு, எல்இடியின் இரண்டு கால்களிலும் மல்டிமீட்டரின் முனைகளை வையுங்கள். சிவப்பில் 1.8 முதல் 2 வோல்ட் வரை காட்டும். நீலத்தில் 2.7ஐ ஒட்டி வரும். பேட்டரிகள் அதேதான், மின்தடையும் அதேதான். நிறம் மாறியதும் வோல்ட் மாறிவிட்டது.

இப்போது 1240 என்ற எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். அதை நீங்கள் அளந்த வோல்ட்டால் வகுத்தால், ஒளியின் அலைநீளம் நானோமீட்டரில் ஏறக்குறைய கிடைக்கும். 1240ஐ 2.7ஆல் வகுத்தால் 459. நீல எல்இடிகளின் அலைநீளம் 450 முதல் 470 நானோமீட்டர் வரை. சிவப்பில் 1.9 வந்தால் விடை 653, இதுவும் சிவப்புதான். படிகத்தின் சூடும் எலக்ட்ரானுக்குக் கொஞ்சம் கைகொடுப்பதால் கணக்கு அச்சடித்தாற்போல் வராது. இருந்தாலும், கண்ணால் பார்க்கிற நிறத்தை வோல்ட் மீட்டரால் ‘படிக்க’ முடிகிறது என்பதே எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது.

1240 வானத்திலிருந்து விழுந்த எண் அல்ல. பிளாங்க் மாறிலி, ஒளியின் வேகம், எலக்ட்ரானின் மின்னூட்டம் ஆகிய மூன்றையும் சேர்த்தால் வருவது. பிளாங்க் மாறிலியை எழுத, தசமப் புள்ளிக்குப் பின் 33 பூஜ்யங்கள் போட்டு 6626 என்று எழுத வேண்டும். அவ்வளவு சின்ன எண்ணைச் சாப்பாட்டு மேசையில் இரண்டு டார்ச் பேட்டரியை வைத்துத் தொட்டுவிடுகிறோம்.

ஆர்வம் இன்னும் தீராதவர்கள் ஆட்டத்தைத் திருப்பிப் போடலாம். பேட்டரியோடு சேராத சிவப்பு எல்இடியை மல்டிமீட்டரில் மட்டும் இணைத்து, அதன் தலைக்கு நேராக எரியும் நீல எல்இடியைப் பிடியுங்கள். மீட்டரில் வோல்ட் எழும்பும். நீலப் பொட்டலம் பெரியது, சிவப்புச் சில்லின் இடைவெளியைத் தாண்டி எலக்ட்ரானை மேலே தூக்கிவிடுகிறது. இரண்டையும் இடம் மாற்றி, சிவப்பு ஒளியை நீலச் சில்லின் மேல் காட்டினால் மீட்டர் அசையாது. எவ்வளவு நேரம் காட்டினாலும் அசையாது. இதற்குத் தெளிவான மூடியுள்ள எல்இடிகளே வேண்டும், நிறமூட்டிய பிளாஸ்டிக் ஒளியை வழியிலேயே விழுங்கிவிடும். கூரைமேல் சூரியத் தகடு செய்வதும் இதே வேலைதான்.

கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்இடியை அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் நிக் ஹொலோனியாக் 1962இல் செய்து காட்டினார். பளிச்சென்ற நீலம் வரமட்டும் 1993 ஆயிற்று. பெரிய இடைவெளியுள்ள காலியம் நைட்ரைடு படிகத்தைக் குறையில்லாமல் வளர்க்க முடியாமல் பலர் கைவிட்டார்கள். கைவிடாத ஜப்பானியர் மூவர் அகாசாகி, அமானோ, நகாமுரா. 2014ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசு அவர்களுக்குப் போனது. நீலம் வந்த பிறகுதான் வெள்ளை வந்தது. வீட்டில் எரியும் வெள்ளை எல்இடிக்குள் இருப்பது பெரும்பாலும் நீலச் சில்லு. அதன்மேல் பூசிய மஞ்சள் ஒளிர்பொருள் நீலத்தில் ஒரு பகுதியை மஞ்சளாக்க, இரண்டும் கலந்து நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. நம்பாவிட்டால் ஒரு சிறிய வெள்ளை எல்இடியை அளந்து பாருங்கள், நீலத்தின் வோல்ட்தான் வரும். பாலத்தைத் தாண்டினால் வரும் கெடா மாநிலத்துக் கூலிமில் 2017இல் ஒஸ்ராம் திறந்த தொழிற்சாலை எல்இடி சில்லுகளுக்காகவே கட்டப்பட்டது.

கடைசியாக ஒரு கண்டிப்பு, ஒரு கணக்கு. கண்டிப்பு இது: இந்தச் சோதனைகள் எல்லாம் டார்ச் பேட்டரியோடு மட்டும்தான். சுவர் பிளக்கில் இருப்பது 230 வோல்ட், அது உயிரைக் குடிக்கும். கணக்கு இது: டிவி ரிமோட்டின் மூக்கில் இருக்கும் எல்இடி 940 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியைத் தருகிறது. நம் கண்ணுக்குத் தெரியாது, பல கைப்பேசிக் கேமராக்களுக்குத் தெரியும். 1240ஐ 940ஆல் வகுத்துப் பார்த்து, அந்த எல்இடிக்கு ஒற்றைப் பேட்டரி போதுமா போதாதா என்று முதலில் தாளில் எழுதுங்கள். பிறகு மின்தடையோடு இணைத்து, கைப்பேசிக் கேமராவை நீட்டிச் சரிபாருங்கள்.